உறுமும் ஒலிபெருக்கி

கொடைவிழா மேடையில் வில்லுப்பாட்டுக் குழு அமர்ந்துவிட்டது. புலவர் இன்னும் வீசுகோலை எடுத்து வில்லின் நாணைத் தட்டவில்லை. உடுக்கை ஒலிக்கவில்லை, குடம் அதிரவில்லை. ஆனால் பந்தலின் இருபுறமும் கட்டிய குழாய்களிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஒரு குரல் முன்னதாகவே பாடத் தொடங்கிவிடுகிறது. மைக் செட்காரர் ஓடி வருகிறார். ஆம்ப்ளிஃபயரின் தலையில் ஒரு தட்டு. பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகுகிறார். உறுமல் சற்றே அடங்கி, பிறகு முன்னிலும் பலமாக எழுகிறது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கழுகுமலை வட்டாரத்தில் வளர்ந்த எவருக்கும் இந்தக் காட்சியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் குரல் யாருடையது? எங்கிருந்து வருகிறது? அதனோடு மேல்நாட்டுப் பொறியாளர்களும் நம்மூர் மைக் செட்காரர்களும் எவ்வாறு போராடினார்கள்? இவ்வினாக்களைப் பின்தொடர்ந்து சென்றால், மின்சாரம் நம் இசைக்குள் நுழைந்த கதையே விரிகிறது. அக்கதையின் பிற்பகுதியில் உயிரைப் பற்றிய செய்தி ஒன்றும் இருக்கிறது. ஆகவே, இயற்பியல் பாடம் என்று அஞ்சிப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

மெல்லிய வீணையும் உரத்த நாகசுரமும்

கரிசல் சீமை இசைக்குப் புதியதன்று. முத்துசுவாமி தீட்சிதர் 1835ஆம் ஆண்டில் மறைந்தது எட்டயபுரத்தில்தான். அவர் வீணை வாசிப்பிலும் வல்லவர். அவர் குடும்ப மரபில் வந்த சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் பெருநூல் 1904ஆம் ஆண்டில் அதே ஊரில் அச்சாயிற்று. வீணையின் ஒலியோ மிக மெல்லியது. அரண்மனைக் கூடத்தில் சிலர் அருகமர்ந்து கேட்பதற்கு அது போதும். ஆயிரம் பேர் கூடும் திடலுக்குப் போதாது.

திடலுக்கு உரியது நாகசுரம். கோவில்பட்டியில் வாழ்ந்து 1964ஆம் ஆண்டில் மறைந்த காருகுறிச்சி அருணாசலத்தின் வாசிப்பை எத்தனையோ கோயில் வீதிகள் ஒலிபெருக்கியின் துணையின்றியே கேட்டிருக்கும். சீவாளியின் அதிர்வும், விரிந்து செல்லும் குழலும், நுனியில் அணசும் சேர்ந்து அக்கருவியையே ஓர் ஒலிபெருக்கியாக்கி விடுகின்றன. அதற்கு மின்சாரம் தேவையில்லை. ஆகவே உறுமலும் இல்லை.

மெல்லிய கருவிக்கும் மனிதக் குரலுக்கும்தான் ஆம்ப்ளிஃபயர் வேண்டியிருக்கிறது. அது செய்யும் வேலையை ஓர் எளிய கணக்கால் அறியலாம். மைக்கிலிருந்து வரும் மின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட். குழாய் ஸ்பீக்கரை முழங்கச் செய்ய ஏறத்தாழ 10 வோல்ட் வேண்டும். அதாவது பத்தாயிரம் மடங்குப் பெருக்கம். இப்போது, மைக் கம்பியின் வழியில் எங்கோ ஒரு மில்லிவோல்ட்டில் இருபதில் ஒரு பங்கு அந்நிய அழுத்தம் நுழைந்துவிட்டது என்று கொள்வோம். மறுமுனையில் அது அரை வோல்ட்டாகிவிடும். ஊர் முழுவதும் கேட்க அதுவே போதும். இது பாட்டு, இது வேண்டாத விருந்தாளி என்று பிரித்தறியும் அறிவு ஆம்ப்ளிஃபயருக்குக் கிடையாது. வாசலில் நுழைந்த யாவரையும் அது ஒரே அளவில் உபசரிக்கிறது.

உறுமாத காலம்

முதல் ஒலிபெருக்கிகள் உறுமவில்லை என்றால் வியப்பாக இருக்கும். பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதாம் என்ற இருவர் 1915ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய நாளன்று அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ நகரில் பெருங்கூட்டத்தின் முன் தங்கள் ‘மேக்னவாக்ஸ்’ ஒலிபெருக்கியை முழங்கச் செய்தார்கள். அது மின்கலங்களால் இயங்கியது. மின்கலம் தருவது நேர்மின்னோட்டம். அதில் ஏற்ற இறக்கம் இல்லை. கரித்தூள் மைக்கின் சரசரப்பு இருந்திருக்கும். உறுமல் இருந்திருக்க முடியாது.

1906இல் லீ டி ஃபாரஸ்ட் அமைத்த மும்முனை வால்வு பின்னர் ஒலியைப் பெருக்கும் தொழிலுக்கு வந்தபோதும் நிலைமை அதுவே. வால்வின் இழையைச் சூடாக்க ஒரு மின்கலம், உயர் அழுத்தம் தர ஒரு மின்கல அடுக்கு என்று 1920களின் வானொலிப் பெட்டிகள் இயங்கின. மின்கலங்கள் விலையேறியவை, கனமானவை, அடிக்கடி தீர்ந்து போகிறவை. வீட்டுச் சுவரிலேயே மின்சாரம் இருக்க, அதைப் பயன்படுத்தினால் என்ன? கனடாவின் டொராண்டோ நகரில் எட்வர்டு ரோஜர்ஸ் 1925ஆம் ஆண்டில் மின்கலமே இல்லாத வானொலிப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். சுவரிலிருந்த மாறுமின்னோட்டம் பெட்டிக்குள் நுழைந்த அந்த ஆண்டுகளில்தான் உறுமலும் கூடவே உள்ளே வந்தது.

நம் கிராமங்களில் மின்கலக் காலம் இன்னும் நெடுநாள் நீடித்தது. காரணம், மின்சாரமே தாமதமாகத்தான் வந்தது. லாரி பேட்டரியை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் மைக் செட் வைத்த கதையை உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரியால் வால்வுக்கு வேண்டிய சில நூறு வோல்ட்டை நேரே தர முடியாது. அதற்காக ‘வைப்ரேட்டர்’ என்ற சிறு கருவி பெட்டிக்குள் இருந்தது. மின்மணியின் நாக்கு போல ஓர் உலோகத் தகடு நொடிக்கு ஏறத்தாழ நூறு தடவை அதிர்ந்து நேர்மின்னோட்டத்தை வெட்டி வெட்டி விடும். அந்த வெட்டுத் துண்டுகளை டிரான்ஸ்ஃபார்மர் உயர் அழுத்தமாக்கும். ஆகவே பேட்டரி செட்டிலும் ஒரு வண்டின் ரீங்காரம் கேட்டது. டிரான்சிஸ்டர் வந்து 12 வோல்ட்டிலேயே நேராக இயங்கத் தொடங்கிய பிறகுதான் அந்த வண்டு செத்தது.

பெட்டிக்குள் நுழைய இரண்டு வாசல்

மாறுமின்னோட்டம் வால்வுப் பெட்டிக்குள் உறுமலைக் கொண்டுவந்த வழிகள் முக்கியமாக இரண்டு. முதலாவது, வால்வின் இழை. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்றுகள் சுற்றுகிறது. அதைக் கொண்டே இழையைச் சூடாக்கினால், எலெக்ட்ரான்களை உமிழும் அந்த இழையின் மின் அழுத்தமும் சூடும் அதே தாளத்தில் ஏறி இறங்கும். எலெக்ட்ரான் ஓட்டமும் துடிக்கும். இதற்குப் பொறியாளர்கள் கண்ட மாற்று அழகானது. இழையைச் சுற்றி ஒரு சிறு உலோகக் குழலைப் போர்த்தினார்கள். இழை குழலைச் சூடாக்கும், குழல் எலெக்ட்ரான்களை உமிழும். அடுப்புத் தீ ஆடினாலும் கனமான தோசைக்கல்லின் சூடு ஆடுவதில்லை அல்லவா? அதே தத்துவம். 1920களின் பிற்பகுதியில் இவ்வகை வால்வுகள் பெருமளவில் கடைக்கு வந்தன.

இரண்டாவது வாசல், உயர் அழுத்தம் தரும் பகுதி. மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்க ஒரு திருத்தி வேண்டும். திருத்தி கீழரைச் சுற்றைத் தூக்கி மேலே மடித்துவிடுகிறது. ஒரு சுற்றுக்கு இரண்டு மேடு. 50 சுற்றுக்கு 100 மேடு. ஆகவேதான் நீங்கள் கேட்கும் உறுமல் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் அன்று, 100 ஹெர்ட்ஸ். இந்த மேடுபள்ளத்தைச் சமன் செய்வது கண்டென்சர் என்று மைக் செட்காரர்கள் சொல்லும் மின்தேக்கி. மேட்டில் நிரம்பிப் பள்ளத்தில் வடியும் ஊருணி என்று அதை நினைத்துக் கொள்ளலாம். மழை விட்டுவிட்டுப் பெய்தாலும் ஊருணியிலிருந்து தண்ணீர் ஒரே அளவில் கிடைக்கிறது. ஊருணி தூர்ந்து போனால்?

தூர்ந்துதான் போகிறது. இந்த மின்தேக்கிகளுக்குள் ஈரமான ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது உலர்கிறது. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது இத்தொழிலில் நெடுங்காலமாக வழங்கும் கணக்கு. சித்திரை வெயிலில் தகரப் பந்தலின் கீழ், அதுவும் கல்லாப் பெட்டி போல மூடிய மரப்பெட்டிக்குள் அமர்ந்திருக்கும் ஆம்ப்ளிஃபயரின் கதியை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். கரிசல் காட்டின் பழைய பெட்டிகள் உறுமுவதற்கு முதல் காரணம் இதுவே என்பேன்.

சுவைக்காக இன்னொன்று. அக்காலத்து ஸ்பீக்கர்களில் நிலைக்காந்தம் இல்லை. கம்பிச் சுருளில் மின்சாரம் செலுத்தி மின்காந்தமாக்கினார்கள். அந்த மின்சாரத்திலும் மேடுபள்ளம் இருந்ததால் ஸ்பீக்கரே உறுமியது. அதை அடக்க, எதிர்த்திசையில் சில சுற்றுக் கம்பியைக் கூடுதலாகச் சுற்றி, உறுமலுக்கு எதிர் உறுமலை மூட்டி இரண்டையும் மோதவிட்டார்கள். முள்ளை முள்ளால் எடுக்கும் இந்த உபாயத்தை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், மீண்டும் வரும்.

பாபநாசத்து மின்சாரமும் ஐந்து கட்டையும்

தாமிரவருணியின் மேல் பாபநாசம் நீர்மின் நிலையம் 1944ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. கோவில்பட்டி அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1957இல் மின்வாரியம் அமைந்தது. தொடர்ந்த ஆண்டுகளில் கம்பிகள் கிராமம் கிராமமாக நீண்டன. மேற்கு மலையில் சுழலும் உருளைகளின் 50 சுற்று, கம்பி வழியே கரிசல் காட்டு மேடைக்கு வந்து சேர்ந்தது.

50 என்ற எண் இயற்கை விதி அன்று. ஐரோப்பாவில் 50 நிலைத்தது, அமெரிக்காவில் 60. மைசூர்ச் சீமையின் சிவசமுத்திரத்தில் 1902இல் தொடங்கிய நிலையம் 25 சுற்றில் ஓடியது. அந்த எண்ணே நிலைத்திருந்தால் நம் மைக் செட்டுகள் ஒரு ஸ்தாயி கீழே உறுமியிருக்கும்!

இசை பயில்வோருக்காக இதைச் சுருதிக் கணக்கில் சொல்கிறேன். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் குரலின் ஆதார ஷட்ஜம் ஏறத்தாழ 130.8 ஹெர்ட்ஸ். அதற்குரிய தம்புராவில் முதலில் மீட்டும் மந்தர பஞ்சமத் தந்தி 98.1 ஹெர்ட்ஸ். உறுமலோ 100. பஞ்சமத்துக்கு வெகு அருகில், ஆனால் பஞ்சமம் அன்று. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது நொடிக்கு ஏறத்தாழ இரண்டு முறை ‘வா… வா…’ என்று ஒலி ஏறி இறங்கும். விம்மல் என்று கல்லூரியில் நாங்கள் கற்பிப்பது இதைத்தான். பாடகர் முகம் சுளிப்பதற்குக் காரணம் வெறும் இரைச்சல் அன்று; சுருதி சேராத இரைச்சல். சுருதிப்பெட்டியை எவ்வளவு திருத்தினாலும் தீராத சங்கடம் அது, ஏனெனில் பிழை பெட்டியில் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், 1990களில் தென்னிந்திய மின்வலையில் தேவைக்கேற்ற உற்பத்தி இல்லாமல் மாலை வேளைகளில் அதிர்வெண் 49க்கும் கீழே, சில வேளை 48க்கு அருகேகூட இறங்கியதுண்டு. அது 49ஐக் கடந்து இறங்கும்போது உறுமல் சரியாகப் பஞ்சமத்தில் போய் நின்றிருக்கும். பற்றாக்குறையே சுருதி சேர்த்துக் கொடுத்த காலம்! 2003 சனவரியில் தென்மண்டலத்தில் அதிர்வெண்ணை ஒட்டிய புதிய கட்டண முறை வந்ததும், 2013 டிசம்பர் 31 அன்று தென்னிந்திய வலை ராய்ச்சூர்–சோலாப்பூர் கம்பி வழியே நாட்டின் பெருவலையோடு இணைந்ததும் நிலைமையை மாற்றின. இன்று அதிர்வெண் 50ஐ விட்டு அதிகம் நகர்வதில்லை. உறுமலும் தன் 100இல் நிலையாக நிற்கிறது.

தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரும் இதே சுருதியில் முனகுவதைக் கேட்டிருப்பீர்கள். அது வேறு காரணம். காந்தமேறும்போது இரும்பு மிகச் சிறிதளவு நீளம் மாறுகிறது என்று ஜேம்ஸ் ஜூல் 1842இல் கண்டார். ஒரு சுற்றுக்கு இருமுறை காந்தமேறுவதால் அதிர்வும் 100. ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் இப்படி முனகலாம். ஸ்பீக்கர் கம்பியைக் கழற்றிய பின்னும் பெட்டியிலிருந்தே சத்தம் வந்தால் அது தளர்ந்த இரும்புத் தகடுகளின் முனகல். மின்தேக்கியைக் குறை சொல்லாதீர்கள்.

தந்திக்கு அடியில் காந்தம்

குரலுக்கு மைக் போதும். தந்திக்கருவியை அரங்கம் முழுவதும் கேட்கச் செய்ய, தந்திக்கு அருகிலோ கருவியின் உடலிலோ ஒட்டும் பிக்கப் வந்தது. எமனி சங்கர சாஸ்திரியும் அவருடைய மாணவர் சிட்டிபாபுவும் வீணையில் இதைத் துணிந்து பயன்படுத்தியவர்கள். வீணையின் இயல்பான நாதம் கெடுகிறது என்று குறை சொன்னவர்களும் உண்டு. கடைசி வரிசைக்குக் கேட்காத இயல்பான நாதத்தால் என்ன பயன் என்பது என் கட்சி. 1980களில் யு. ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினைக் கருநாடக இசை மேடையில் நிலைநிறுத்தியபோது இந்த வாதம் பெரிதும் அடங்கிவிட்டது.

காந்தப் பிக்கப் என்பது ஒரு காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் மெல்லிய கம்பி சுற்றியது. மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறி, கம்பியில் மின் அழுத்தம் தூண்டப்படுகிறது. ஃபாரடே 1831இல் கண்ட விதி. ஆனால் கம்பிச் சுருளுக்குத் தந்தியின் புலம், டிரான்ஸ்ஃபார்மரின் புலம் என்ற பேதம் தெரியாது. அருகில் மின்சாரம் ஓடும் எதுவும் அதில் 50 ஹெர்ட்ஸைத் தூண்டும். அமெரிக்காவில் கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் இதற்கு வழி கண்டு 1955இல் விண்ணப்பித்து 1959இல் காப்புரிமை பெற்றார். ஒரு சுருளுக்கு இரண்டு சுருள்; ஒன்றில் காந்தத்தின் வடமுனை மேலே, மற்றதில் தென்முனை; சுற்றும் திசையும் எதிரெதிர். வெளியிலிருந்து வரும் உறுமல் இரண்டிலும் எதிரெதிராகத் தோன்றி ஒன்றையொன்று அழித்துக் கொள்கிறது. தந்தியின் ஒலியோ, காந்தமும் திசையும் இருமுறை புரண்டதால், இரண்டிலும் ஒரே திசையில் தோன்றிக் கூடுகிறது. முள்ளை முள்ளால் எடுக்கும் பழைய ஸ்பீக்கர் உபாயம்தான். ஆனால் இங்கே முள் மட்டும் போய்ப் பூ தங்கிவிடுகிறது.

காதால் நோய் அறிதல்

எங்கள் கல்லூரி மாணவர்கள் விழாக் காலங்களில் உறுமும் ஆம்ப்ளிஃபயரை இயற்பியல் துறைக்குத் தூக்கி வருவது வழக்கம். திருப்புளியை எடுக்குமுன் காதைத் தீட்டிக் கொள்ளச் சொல்வேன். ஒலி அளவுக் குமிழை முழுதும் குறைத்துவிட்டுக் கேளுங்கள். அப்போதும் தாழ்ந்த ‘ம்ம்ம்’ மாறாமல் இருந்தால் நோய் பெட்டியின் பிற்பகுதியில், பெரும்பாலும் உலர்ந்த மின்தேக்கியில் இருக்கிறது. அதைத் தொடும் வேலையை அறிந்தவரிடம் விடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

குமிழைக் கூட்டினால் உறுமலும் கூடுகிறதா? நோய் முன்பக்கம்: கருவியில், கம்பியில், செருகும் இடத்தில். கருவியோடு மெதுவாகத் திரும்பிப் பாருங்கள். ஒரு திசையில் உறுமல் வெகுவாக அடங்கினால் அது காந்தப்புலத்தால் வருவது. டிரான்ஸ்ஃபார்மரைச் சற்றுத் தள்ளி வைத்தால் தீரும். தாழ்ந்த உறுமலாக இல்லாமல் ரம்பம் அறுப்பது போலக் கூர்மையாக இருந்து, தந்தியில் கை வைத்ததும் அடங்கினால், உறையிட்ட கம்பியின் வெளிச்சல்லடை எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது எர்த் இல்லை. பந்தலின் சீரியல் விளக்குகளோ, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவியோ எரியும்போது மட்டும் வந்தால் குற்றவாளி அவைதான். மைக் கம்பியை விளக்குக் கம்பியோடு சேர்த்துக் கட்டாமல், தாண்ட வேண்டிய இடத்தில் குறுக்காகத் தாண்டச் செய்யுங்கள். தலையில் தட்டினால் நின்றுவிடுகிறதென்றால், மைக் செட்காரர் செய்தது சரியே: எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது.

எல்லாவற்றிலும் ஏமாற்றுவது ஒன்று உண்டு. கீபோர்டு மேடையில் ஓர் இடத்திலும், ஆம்ப்ளிஃபயர் கீழே வேறோர் இடத்திலும் மின் இணைப்புப் பெறுகின்றன. இரண்டுக்கும் எர்த் உண்டு. ஆனால் அந்த இரண்டு எர்த்துகளும் ஒரே மின் அழுத்தத்தில் இல்லை. அவற்றை இணைக்கும் இசைக்கம்பியின் சல்லடை வழியே 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஓடி உறுமுகிறது. இரண்டையும் ஒரே பலகையில் செருகினால் போதும். ஆனால் மேடைகளில் என்ன செய்கிறார்கள்? பிளக்கின் மூன்றாவது பின்னைக் கழற்றி விடுகிறார்கள், அல்லது இரட்டைப் பின் சொருகியில் மாட்டுகிறார்கள். உறுமல் நின்றுவிடுகிறது. கைதட்டுகிறார்கள். கதை இங்கேதான் இருளடைகிறது.

வெடித்த நிலத்தில் எர்த்

அந்த மூன்றாவது பின் மற்ற இரண்டைவிட நீளமாகவும் தடித்தும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். செருகும்போது முதலில் தொடவும், பிடுங்கும்போது கடைசியில் விலகவும் அப்படி அமைத்தார்கள். பெட்டிக்குள் மின்கம்பி தவறி உலோக உடலைத் தொட்டால், அந்த மின்சாரம் எர்த் வழியே மண்ணுக்குப் போய், பெருமின்னோட்டம் ஓடி, ஃபியூஸ் உருக வேண்டும்.

உருகுமா? எர்த்தின் தடை 2 ஓம் என்றால், 230ஐ இரண்டால் வகுக்க 115 ஆம்பியர். ஃபியூஸ் கண்ணிமைக்குள் போய்விடும். தடை 100 ஓம் என்றால் 2.3 ஆம்பியர்தான். 5 ஆம்பியர் ஃபியூஸ் அசையாது. மேலும், ஏறத்தாழ 230 வோல்ட்டும் பெட்டியின் உடலிலேயே நிற்கும். அதோடு இணைந்த மைக்கின் உலோகத் தலையிலும், தந்தியிலும் நிற்கும். எர்த் இருக்கிறது என்று நம்பியிருப்போம். அது பெயரளவில்தான் இருக்கும்.

இங்கே கரிசல் மண் கதைக்குள் வருகிறது. ஈரமான கரிசல் மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். சரளையும் பாறையும் அதற்கு ஈடாகா. ஐப்பசி, கார்த்திகையில் எர்த் குழியின் தடையை அளந்தால் மனநிறைவாகத்தான் இருக்கும். ஆனால் கரிசல் மண்ணின் களித்துகள்கள் நீர் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். பங்குனியில் நிலம் பாளம் பாளமாக வெடிக்கிறது. மாட்டின் கால் இறங்கும் அளவு வெடிப்பை நம் புஞ்சைகளில் யார்தான் பார்த்ததில்லை? எர்த் குழாயைச் சுற்றியுள்ள மண்ணும் அவ்வாறே சுருங்கிக் குழாயை விட்டு விலகுகிறது. இடையில் காற்று. மண்ணுக்குள் குழாய் நிற்கிறது, மண்ணைத் தொடவில்லை. கொடைவிழாக்களும் பொங்கல் விழாக்களும் மிகுந்து வருவதோ பங்குனி, சித்திரையில். மேடை அதிகம், மின் கருவிகள் அதிகம், எர்த் மிகக் குறைவு. ஆண்டுதோறும் இம்மூன்றும் ஒரே பருவத்தில் சந்திக்கின்றன.

எர்த் நலிந்த பெட்டி பெரும்பாலும் முன்கூட்டியே குரல் கொடுக்கும். டிரான்ஸ்ஃபார்மரின் வழியே கசியும் சிறு மின்சாரம் போக வழியின்றி உலோக உடலில் நிற்கிறது. புறங்கையால் தடவினால் எறும்பு ஊர்வது போலிருக்கும். ஸ்பீக்கரில் ரம்ப ஓசை கேட்கும். மார்கழியில் அமைதியாக இருந்த அதே செட் சித்திரையில் ரம்பமாக அறுத்தால், பெட்டியைத் திறக்குமுன் எர்த் குழியைப் பாருங்கள்.

வெறும் அச்சம் அன்று இது. 1972ஆம் ஆண்டில் பிரிட்டனின் சுவான்சி நகர மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிதார் கலைஞர் சரியான எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு, கூட்டத்தின் கண்ணெதிரே உயிரிழந்தார். 1976இல் கீத் ரெல்ஃப் என்ற பாடகர் தம் வீட்டில் மின் கிதார் வாசிக்கையில் மின்சாரம் தாக்கி இறந்தார். ஒரு கை தந்தியில், வாய் மைக்கின் அருகில்: மின்சாரம் உடலைக் கடந்து செல்ல இதைவிட வசதியான நிலை வேறில்லை. நம் மேடைகளில் வெறுங்காலும், புழுதி அடங்கத் தெளித்த தண்ணீரும் கூடச் சேர்கின்றன. ஈர உடலின் தடையை ஆயிரம் ஓம் என்று கொண்டால் 230 மில்லி ஆம்பியர் ஓடும். அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் தன்னார்வலர்களை வைத்துச் செய்த சோதனைகளில், 16 மில்லி ஆம்பியர் அளவிலேயே ஆண்கள் பலரால் பிடித்த கம்பியை விட முடியவில்லை.

அதே டால்சியல் 1961இல் இதற்கான காப்புக் கருவி ஒன்றை அமைத்தார். போகிற கம்பியிலும் வருகிற கம்பியிலும் மின்னோட்டம் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக் கொண்டேயிருக்கும். சமமில்லை என்றால் எங்கோ, ஒருவேளை ஒரு மனிதர் வழியே, கசிகிறது என்று பொருள். நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்காக அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே இத்தகைய கருவி செய்திருந்தார்கள். இன்று நம் ஊர் மின்சாதனக் கடைகளிலேயே 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கருவி கிடைக்கிறது. விழாப் பந்தலின் முதன்மைப் பலகையில் அதை ஒருமுறை பொருத்திவிட்டால், வெடித்த நிலத்தின் எர்த் ஏமாற்றினாலும் அது ஏமாற்றாது.

எர்த்தையும் கைவிட வேண்டாம். குழியில் கரியும் உப்பும் இடுவது ஈரத்தைப் பிடித்து வைக்கத்தான். கோடையில் குழியின் வாய்க்குத் தண்ணீர் ஊற்றி வருவதும் அதற்கே. தற்காலிகப் பந்தலுக்குக் கம்பி அடிக்கும்போது மேடைக்கு அருகில் என்று காய்ந்த புஞ்சையில் அடிக்காமல், ஊருணிக் கரையோ குழாயடியோ பார்த்து அடிக்கலாம். கம்பி சற்று நீளும், அவ்வளவே. துண்டிக்கும் கருவியின் முகப்பில் ‘டி’ என்று எழுதிய சிறு பொத்தான் இருக்கும். கொடைக்கு முதல் நாள் மாலை, பந்தலில் விளக்குகள் எரியும்போது அதை ஒருமுறை அழுத்துங்கள். விளக்குகள் அணைந்தால் கருவி வேலை செய்கிறது.